எங்கள் வீட்டில் மூன்று 'டை'!

தமிழில் ஒரே ஓர் எழுத்து தனியாக நின்று பொருள் தருவது உண்டு. பூ, தீ, கை, மை, வை... இப்படி 42 சொற்கள் இருப்பதாக நன்னூல் கணக்குச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் 'டை' இல்லை. எப்படி இருக்கும்? 'ட' வரிசை எழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதுதான் இலக்கணம்!

ஆனால் இலக்கணத்தைக் கேட்டுக்கொண்டா சொற்கள் நம் வீட்டுக்குள் நுழைகின்றன? காலையில் பிள்ளையின் கழுத்தில் கட்டி அனுப்புகிறோமே, அது ஒரு டை. நரைத்த தலைக்குக் கிண்ணத்தில் கலக்கிப் பூசிக்கொள்கிறோமே, அதுவும் டை. (இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: புது பாக்கெட் வாங்கினால், காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அளவு வைத்து 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அது உங்களுக்கு வேண்டாம்.)

இவை இரண்டும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள். நம் எழுத்தில் எழுதும்போதுதான் ஒன்றாகி விடுகின்றன. நான் சொல்ல வந்தது மூன்றாவது டை. அது ஒரே சொல். ஆனால் விளையாட்டில் அதற்கு ஒரு பொருள், கணக்கில் ஒரு பொருள், தொழிற்சாலையில் வேறொரு பொருள். இந்த மூன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. என் மூத்த பெண்ணின் படிப்பே அதில் ஊசலாடியது என்றால் நம்புவீர்களா?

பகடைக்கு ஆங்கிலத்தில் ஒருமை 'டை', பன்மை 'டைஸ்'. தகட்டை வெட்டவும் வளைக்கவும் பயன்படும் எஃகு அச்சுக்கும் 'டை' என்றுதான் பெயர். இரண்டும் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த ஒரே சொல். 'செத்துப் போ' என்ற பொருளில் வருகிற டை மட்டும் வேறு; அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

அப்பத்தாவின் கட்டை

முதலில் விளையாட்டு. என் மாமியாருக்கு வயது 68. பிறந்த ஊர் காரைக்குடிப் பக்கம். கல்யாணமாகி அம்பத்தூருக்கு வந்து நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரிலிருந்து கொண்டு வந்ததில் இன்றைக்கும் புழக்கத்தில் இருப்பது ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு நீளப் பக்கம். ஒன்றில் ஒரு புள்ளி, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. நாலாவது பக்கம் வெறுமை. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்கப் பரமபதப் படத்தை விரித்தாலும் சரி, மழை நாளில் சாக்பீஸால் தரையில் தாயக்கட்டம் போட்டாலும் சரி, அந்தக் கட்டைகள்தான் உருளும்.

உங்களுக்குத் தெரியாததா? தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். இரண்டு கட்டையும் வெறுமையைக் காட்டினால் பன்னிரண்டு.

"ஒண்ணுமே இல்லாததுக்கு ஏன் அப்பத்தா பன்னெண்டு?" என்று என் சின்னவள் ஒரு நாள் கேட்டாள்.

"இல்லாதவனுக்குத்தானடி சாமி அள்ளிக் குடுக்கணும்!" என்றார் மாமியார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

உருட்டி விளையாடுவது நமக்குப் புதிதில்லை. சிந்துவெளியில் மொஹஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் பகடைகள் கிடைத்திருக்கின்றன. நம் கீழடியிலும் கிடைத்திருக்கின்றன. வேத காலத்தில் தான்றிக்காய்களையே பகடையாகப் போட்டு ஆடியிருக்கிறார்கள். திரிபலா சூரணத்தில் கடுக்காயோடும் நெல்லிக்காயோடும் சேருமே, அதே தான்றிதான்! கடையில் விற்கும் ஆறு பக்கப் பகடையை எடுத்துப் பாருங்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் எப்போதும் ஏழு வரும்.

கட்டையோ, காயோ, கனசதுரமோ, விளையாட்டில் பகடைக்கு ஒரே ஒரு யோக்கியதைதான் வேண்டும். அடுத்து என்ன விழும் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் அது ஆட்டமில்லை, சகுனி வேலை!

பதினாறு கட்டம்

மூத்தவள் பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு படித்தபோது கணக்கு டை எங்கள் வீட்டுக்குள் வந்தது. 'சீரான பகடை' என்று பாடத்தில் வரும். அந்தப் பகடைக்கு எடை கிடையாது. முனை மழுங்காது. உருண்டு பீரோவுக்கு அடியில் போகாது. எல்லாப் பக்கமும் சரிசமம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு நினைப்பு, அவ்வளவுதான். கையில் பிடிக்க முடியாத பகடை!

இந்த நினைப்பு சூதாட்டத்திலிருந்துதான் பிறந்தது. மூன்று பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை ஒன்பதைவிடப் பத்து ஏன் சற்று அதிகம் விழுகிறது என்று ஆடுகிறவர்கள் குழம்ப, இத்தாலியின் கலிலியோ உட்கார்ந்து எண்ணினார். மொத்தம் 216 விதமாக விழலாம். அதில் ஒன்பதுக்கு 25 வழி, பத்துக்கு 27 வழி. 1654-ல் பிரான்சில் பாஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கிடுவது என்று கடிதம் எழுதிக்கொண்டார்கள். இன்று நாம் கட்டும் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு அங்கேயிருந்து வளர்ந்ததுதான்.

என் பெண் அதே வேலையை அப்பத்தாவின் தாயக்கட்டைக்குச் செய்தாள். நோட்டில் நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டம் போட்டாள். ஒரு கட்டையில் விழுவது மேலே, இன்னொன்றில் விழுவது பக்கத்தில். எண்ணிப் பார்த்தால், பதினாறில் மூன்று விழ நான்கு வழி இருக்கிறது. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி. தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வொன்றுதான்.

"அதான் எனக்கு எப்பப் பார்த்தாலும் மூணு மூணா விழுந்து தொலையுதா!" என்று மாமியார் கட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு யோசனையாக, "பதினாறுல ரெண்டுன்னா எட்டுல ஒண்ணு. அப்ப எட்டுத் தடவை உருட்டினா ஒரு தாயம் கட்டாயம் விழணுமே?" என்றார்.

"கட்டாயமெல்லாம் இல்ல அப்பத்தா. நூறு பேர் ஆளுக்கு எட்டுத் தடவை உருட்டினா, கிட்டத்தட்ட 34 பேருக்கு ஒரு தாயம்கூட விழாது. கட்டைக்கு ஞாபகம் கிடையாது. ஏழு தடவை விழலையே, பாவம்னு எட்டாவது தடவை இரக்கப்படாது."

கட்டைக்கு ஞாபகம் கிடையாது! இந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் வேறொரு பழைய வழக்கையும் தீர்த்து வைத்தது. எனக்கு இரண்டும் பெண். சின்னவள் பிறந்ததிலிருந்தே மாமியாருக்கு ஒரு குறை. "ரெண்டு பொண்ணாச்சு, மூணாவது நிச்சயம் பையனாத்தான் இருந்திருக்கும். நீங்கதான் கேக்கல" என்று நல்ல நாள் கெட்ட நாள் எல்லாவற்றிலும் சொல்வார். நான் பதில் பேசியதில்லை. பேசினால் சண்டை, பேசாவிட்டால் அழுகை. எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் இந்த 'நிச்சயம்' என்ற வார்த்தைக்காக மூன்றாவது, நான்காவது என்று சுமந்திருக்கிறார்கள்!

அன்றைக்கு என் பெண்ணே சொன்னாள்: "அதுவும் ரெண்டு பக்கம் இருக்கிற பகடை மாதிரிதான் அப்பத்தா. முன்னாடி என்ன விழுந்ததுன்னு அதுக்குத் தெரியாது. மூணாவது தடவையும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதிதான். அப்புறம் இன்னொண்ணு, அந்தக் கட்டையை உருட்டுறது அம்மா இல்ல, அப்பா. அம்மா குடுக்கிறது எப்பவும் எக்ஸ். எக்ஸா, ஒய்யான்னு மாத்திக் குடுக்கிறது அப்பா பக்கம்தான்."

என் கணவர் அவசரமாகப் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, உருட்டு, உன் ஆட்டம்" என்றார். அதன் பிறகு அந்த 'நிச்சயம்' எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

நாழி முதல் பொட்டு வரை

இனி தொழிற்சாலை. அங்கே டை என்றால் என்ன என்று நம்மைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? முறுக்கு நாழியில் போடுகிற வில்லை இருக்கிறதே, அது டைதான். மூன்று ஓட்டை வில்லை போட்டால் தேன்குழல், நீளப் பிளவு போட்டால் ரிப்பன் பக்கோடா, பொடி ஓட்டை போட்டால் ஓமப்பொடி. மாவு அதேதான், வில்லைதான் உருவத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டு ஜன்னலுக்கு வரும் அலுமினியச் சட்டங்களும் இப்படித்தான் பிறக்கின்றன. அலுமினியக் கட்டியை 450, 500 டிகிரி வரை சூடாக்கி, எஃகு டையின் வழியாக முறுக்குப் பிழிவதைப் போலப் பிழிகிறார்கள்.

நெற்றியில் ஒட்டும் ஸ்டிக்கர் பொட்டு டையில் வெட்டுப்பட்டு வருகிறது. எவர்சில்வர் டம்ளர், வட்டத் தகடாக வெட்டப்பட்டு, பிறகு டைக்குள் அழுத்தி அழுத்தி ஆழமாக இழுக்கப்படுகிறது. சோடா பாட்டில் மூடியைச் சுற்றி 21 பல் இருக்கும், எண்ணிப் பாருங்கள். எந்தக் கடையில் வாங்கினாலும் அதே 21 தான். குழாய்க்காரர் பைப் முனையில் மரை போடுகிற கருவிக்கும் டை என்றே பெயர்.

தகடு வெட்டும் டையில் இரண்டு பாகம். மேலிருந்து இறங்குவது 'பஞ்ச்', கீழே வாங்கிக்கொள்வது 'டை'. இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளியில்தான் வித்தை இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டுக்கு, பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு தலைமுடி கனம்தான் இடைவெளி. கூடினால் பிசிறு அடிக்கும், குறைந்தால் டை சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இப்போது விந்தையைப் பாருங்கள். விளையாட்டில் டைக்கு என்ன யோக்கியதை சொன்னேன்? அடுத்து என்ன வரும் என்று தெரியக்கூடாது. தொழிற்சாலையில் டைக்கு என்ன யோக்கியதை? அடுத்து என்ன வரும் என்று அட்சர சுத்தமாகத் தெரிய வேண்டும்! பத்தாயிரமாவது மூடியும் முதல் மூடியைப் போலவே வர வேண்டும். ஒரே சொல், அங்கே அதிர்ஷ்டம், இங்கே நிச்சயம்.

மாமாவின் விரல்கள்

ஆனால் இந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் இன்னொரு அர்த்தமும் இருந்தது. என் மாமனாரின் இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

1987-ல், ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் வாஷர் வெட்டிக்கொண்டிருந்தார். தகட்டைத் தள்ளிக் கொடுக்க ஒரு கை, காலால் பெடலை மிதிக்க வேண்டும். கை உள்ளே போகாதபடி முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. அது இருந்தால் வேலை மெதுவாகிறது என்று அதைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார்கள். ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தும் அங்கே அதை யார் கேட்டார்கள்? சாயங்கால ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. மாமா எப்போதாவது இதைச் சொன்னால் அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

பிளஸ் டூ முடித்ததும் என் மூத்தவள், "நான் டூல் அண்ட் டை டிப்ளமோ படிக்கப் போறேன்" என்றாளே பார்க்கலாம்!

"டையா?" மாமியார் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. "அந்த வார்த்தையை இந்த வீட்டுல சொல்லாதே. உங்க தாத்தா ரெண்டு விரலை வாரிக் குடுத்தது போதாதா? டைன்னா இங்கிலீஷ்ல சாவுன்னுதானே அர்த்தம்? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

உறவுக்காரர்களும் விடவில்லை. "பொண்ணு போய் இரும்பு ராவுறதா? பி.காம். சேர்த்து விடுங்க, பேங்க் பரீட்சை எழுதட்டும்" என்றார்கள். என் நாத்தனார், "அண்ணி, டை டிப்ளமோன்னா பியூட்டி பார்லர் படிப்பா?" என்று கேட்டதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அவள் விரல்களைப் பார்ப்பேன். பிறந்த அன்றைக்கு எல்லா அம்மாக்களும் செய்கிற மாதிரி பத்தும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த விரல்கள். ஆனால் இதைச் சொல்லி அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் வீட்டில் தாயக்கட்டை உருளவில்லை.

கடைசியில் வாயைத் திறந்தது மாமாதான். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, மாமியாரைப் பார்த்துச் சொன்னார்:

"என் விரலை எடுத்தது டை இல்ல. அது அதன் வேலையைத்தான் செஞ்சுது. தடுப்பைக் கழட்டி வெச்ச அவசரம்தான் எடுத்துது. இன்னொண்ணு தெரிஞ்சுக்க. டையில ஓட்டுறவன் வேற, டை செய்யறவன் வேற. நான் ஓட்டினவன். டை செய்யறவர் ஒருத்தர் எங்க ஷாப்புக்கு வருவார். அவர் வந்தா முதலாளியே எழுந்து நிப்பார். அவர் விரலைவிட அவர் கண்ணும் கணக்கும்தான் வேலை செய்யும். தடுப்பு எங்க வரணும், கை எங்க போகக்கூடாதுன்னு முதல்ல யோசிக்க வேண்டிய ஆளே அவர்தான். நம்ம பொண்ணு அந்த இடத்துக்குப் போறேங்குது. போகட்டுமே."

மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "ஏம்மா, அந்தக் காலேஜுக்குப் பீஸ் எவ்வளவாம்?" என்று என்னிடம் கேட்டார்.

ஒரு பானைச் சோறு

சேர்ப்பதற்கு முன் நானும் மாமாவும் போய்ப் பயிற்சிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தோம். அங்கேயிருந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள், ஓர் முழ இடைவெளியில். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் எப்படி உள்ளே போகும்? எவ்வளவு எளிய யோசனை! மாமா அந்தப் பட்டன்களைத் தன் எட்டு விரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது அவள் இரண்டாம் வருஷம். இன்னொரு சேதியும் கொண்டு வந்திருக்கிறாள். ஒரே டையில் வெட்டிய வாஷர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் என்று நாம் நினைக்கிறோம் அல்லவா? மைக்ரோமீட்டரால் அளந்தால் இருக்காதாம்! மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டு அளக்கிற அளவில், ஒவ்வொன்றும் ஒரு சொட்டுக் கூடும், ஒரு சொட்டுக் குறையும். தகடு மாறும், சூடு மாறும், டையும் மெல்ல மெல்லத் தேயும். நிச்சயம் என்று நாம் நம்புகிற தொழிற்சாலை டைக்குள்ளேயும் கொஞ்சம் பகடை உருண்டுகொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் எப்படிச் சமாளிப்பது? இங்கேதான் கணக்கு டை கைகொடுக்கிறது. 1924-ல் அமெரிக்காவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் இருந்த வால்ட்டர் ஷூஹார்ட் என்பவர் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். அவ்வப்போது சில உருப்படிகளை எடுத்து அளந்து புள்ளி வைக்க வேண்டும். புள்ளிகள் ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் நடுவே இங்கும் அங்குமாக ஆடினால் அது இயல்பான ஆட்டம், விட்டுவிடலாம். கோட்டைத் தாண்டினால் எங்கேயோ கோளாறு, நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதற்குப் பட்டம் வாங்கிய வடிவம்!

இதைக் கேட்டதும் மாமியார், "நளன் கதையிலேயே வருதே" என்றார். எனக்கு ஆச்சரியம். நளன் சூதில் நாட்டை இழந்து, ருதுபர்ணன் என்ற ராஜாவுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரம். அதில் இலை இத்தனை, காய் இத்தனை என்று ராஜா சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. நளன் அவனுக்குக் குதிரை வித்தையைத் தர ஒப்புக்கொள்ள, ராஜா எண்ணும் வித்தையையும் பகடை வித்தையையும் சேர்த்தே நளனுக்குத் தருகிறான். பகடையும் கணக்கும் ஒரே மரத்தடியில் கைமாறியிருக்கின்றன, பாருங்கள்!

கடையில் விற்கும் பிளாஸ்டிக் பகடைகூட ஓர் அச்சில் வார்க்கப்படுவதுதான். அந்த அச்சையும் நம் ஊர்ப் பட்டறைகளில் டை என்றே சொல்கிறார்கள். ஆக, எப்போதும் ஒரே மாதிரி தருகிற டையின் வயிற்றில், ஒருபோதும் சொல்லிவைத்தாற்போல் விழாத டை பிறக்கிறது. நம் வயிற்றில் பிறக்கிற பிள்ளைகளைப் போல!

போன மாதம் மூத்தவள் ஓர் இரும்புக் கட்டியைக் கொண்டு வந்து காட்டினாள். அரத்தால் ராவி ராவி, ஆறு பக்கமும் சமமாக, மூலைகள் செங்கோணமாகச் செய்த பயிற்சி உருப்படி. மாமியார் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆறு பக்கமும் புள்ளி வெச்சிடுவோமா?"

"ஐயோ அப்பத்தா, மார்க் போயிடும்!"

கடைசியாகச் சில வார்த்தைகள்

சகோதரிகளே, உங்கள் பெண்ணோ பிள்ளையோ இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் படிக்கவோ வேலைக்கோ போனால், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். பிரஸ்ஸுக்குத் தடுப்பு இருக்கிறதா? இரண்டு கைப் பட்டன் உண்டா? காதுக்கு அடைப்பான், காலுக்குக் கனமான ஷூ தருகிறார்களா? சுழலும் இயந்திரத்தின் பக்கம் துப்பட்டா, தொங்கும் பின்னல், வளையல், மோதிரம் எதுவும் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

அப்படியும் ஒருவேளை விரல் துண்டாகிவிட்டால், பதற வேண்டாம். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைத்து உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். விரலை நேராக ஐஸிலோ தண்ணீரிலோ போடக் கூடாது. சீக்கிரம் போனால் பல சமயம் திரும்ப ஒட்ட வைக்க முடிகிறது. 1987-ல் எங்கள் வீட்டில் இது யாருக்கும் தெரியாது.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் இரண்டு விதமாகவும் ஆசைப்படுகிறோம். ஒரு நேரம், நாம் நினைத்த அச்சில் அப்படியே வார்த்தெடுத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது. இன்னொரு நேரம், எல்லாம் தலையெழுத்து, கட்டை விழுந்தபடி விழட்டும் என்று கையை விட்டுவிடுகிறோம். என் பெண்ணின் படிப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். விழுவது நம் கையில் இல்லை. ஆனால் தடுப்பைக் கழற்றாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு, தைரியமாக உருட்டச் சொல்லலாம்!